மரக்கீற்றுகளால் வீட்டில் தோணி கட்டும் முறை

(மீஞ்சூர் வட்டாரக் கிராமவாசிகளுக்கான சொற்பொழிவு)



மீஞ்சூர் வட்டாரம் நீரை அண்டி வாழும் பூமி. தெற்கே கொசத்தலையாறு வல்லூர் அணைக்கட்டைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. வடக்கே ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் விழுகிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. இவற்றினிடையே சிறிதும் பெரிதுமான ஏரிகளும் தாங்கல்களும் உள்ளன. இவ்வாறிருந்தும், கடலோரக் குப்பங்களையும் பழவேற்காட்டு ஏரிக்கரையையும் தவிர்த்துப் பார்த்தால், உட்கிராமங்களில் ஒரு தோணி காண்பது அரிது.

மழை பெய்யாத மாதங்களில் இந்தக் குறை ஒருவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பி உபரி நீர் திறந்துவிடப்படும்போதுதான் அது தெரியவரும். 2015ஆம் வருஷம் டிசம்பர் மாதம் சென்னையும் சுற்றுப்புறங்களும் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கரை சேர்த்தார்கள். அது என்றும் மறக்கத்தகாத பேருதவி. ஆனால் லாரி வருவதற்குச் சாலை வேண்டும். சாலையே முழுகிய ஊரில் அந்த முதல் இரவு எப்படிக் கழியும்? பிரசவ வேதனைப்படும் பெண்ணையும் நடக்கமாட்டாத முதியவரையும் எவர் தூக்கிச் செல்வது? ஊரிலேயே ஒரு சிறு தோணியும் அதைச் செலுத்தத் தெரிந்த நான்கு பேரும் இருந்தால் இக்கேள்விகளுக்கு விடை உண்டு.

அப்படிப்பட்ட தோணியை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தச்சுவேலை சிறிது அறிந்தவர்கள், ஓய்வு நேரத்தில், வீட்டுத் திண்ணையிலோ மாட்டுக் கொட்டகையிலோ கட்டிக்கொள்ளலாம். அதற்கான முறையே இங்கு விவரிக்கப்படுகிறது.

முன்னோர் அறிந்த வித்தை

சிறு துண்டுகளை இணைத்துப் பெருநீரைக் கடப்பது இக்கரைக்குப் புதிதன்று. கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல் உலகின் பல பாஷைகளில் ஏறிவிட்டது. இலேசான மரங்கள் சிலவற்றைச் செதுக்கி, பக்கத்தில் பக்கமாக வைத்து, கயிற்றால் பிணைத்துவிட்டால் கட்டுமரம் தயார். அதில் தண்ணீர் ஏறும், இடுக்குகளின் வழியே இறங்கிவிடும். ஆகையால் அது மூழ்குவதில்லை. கரை திரும்பியதும் கட்டவிழ்த்து மரங்களை உலர வைப்பார்கள். ஊறிய மரம் கனக்கும் என்பதை அறிந்தே இவ்வழக்கம் ஏற்பட்டது.

இதனினும் நுட்பமானது மசூலாப் படகு. சென்னையில் துறைமுகம் அமையுமுன், கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பிரயாணிகளையும் சரக்குகளையும் அலை மோதும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகளே. அவற்றில் ஆணியும் இல்லை, வங்கும் இல்லை. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, தென்னங்கயிற்றால் ஒன்றோடொன்று தைத்து, இடுக்குகளில் நார் திணித்துக் கட்டினார்கள். ஆணியடித்த படகு அலையின் அடியில் பிளந்துபோகும் இடத்தில், தைத்த படகு வளைந்து கொடுத்து நின்றது. சென்னை மாகாண மீன்துறையின் டைரக்டராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி அறிஞர் உலகில் இன்றும் மதிக்கப்படுகிறது.

காலம் மாறிற்று. 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து சென்றபின், கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பெருகின. மீனவர் பேச்சில் அவை பைபர் படகுகள். அவை கடலுக்கு உகந்தவை, ஆனால் கனமானவை. வெள்ளம் சூழ்ந்த தெருவில் இருவர் தோளில் தூக்கிச் செல்லத் தக்க தோணி வேறு வகையானது.

பிறர் கண்ட அனுபவம்

வீட்டிலேயே படகு கட்டுதல் என்பது பிற தேசங்களில் பெரிய அளவில் கைகூடிய காரியம். இங்கிலாந்தில் 1960களின் தொடக்கத்தில் பாரி பக்னெல் என்பவரும் ஜாக் ஹோல்ட் என்பவரும் சேர்ந்து, டெய்லி மிர்ரர் பத்திரிகையின் ஆதரவில், மிர்ரர் என்னும் சிறு பாய்ப்படகை அமைத்தனர். ஒட்டுப் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடியிழை நாடாவையும் பிசினையும் இட்டு இறுக்குவதே முறை. சாதாரணச் சம்பளக்காரர் தம் வீட்டுக் கொட்டகையில் கட்டக்கூடியதாயிருந்தபடியால், அவ்வகைப் படகுகள் 70,000க்கு மேல் உலகெங்கும் உண்டாயின. மசூலாப் படகின் தென்னங்கயிறு அங்கே செப்புக் கம்பியாயிற்று என்று சொன்னால் பொருந்தும்.

இந்த முறை தமிழ்க் கரைக்கும் வந்தது. 1980களில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜிய நாட்டவரான பியர் ஜில்லே என்பவரின் உழைப்பால், ஒட்டுப் பலகையைத் தைத்து ஒட்டிக் கட்டிய மீன்பிடி படகுகள் பரவலாயின. பெரிய மரங்கள் கிடைப்பது அருகி விலையும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1980இல் ஏற்பட்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் இப்படகுகளைக் கட்டித் தருவதைத் தன் காரியங்களில் ஒன்றாக மேற்கொண்டது. கிராமச் சங்கம் மீனை ஏலம் விடும்; பிடித்த மீனின் மதிப்பில் ஒரு பங்கு கடனுக்குக் கழிக்கப்படும்; மீதி மீனவர் கைக்குச் சேரும். படகும் சங்கமும் சேர்ந்தபோதுதான் தரகரின் பிடி தளர்ந்தது. இப்பாடம் இவ்வட்டாரத்துக்கும் உரியது.

ஒட்டுப் பலகையைக் காட்டிலும் அழகிய வளைவுகளைத் தருவதும், சிறு மரத்தைப் பயன்படுத்துவதுமான மற்றொரு முறை கனடாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தது. மெல்லிய மரக்கீற்றுகளை அச்சின்மேல் ஒன்றன்பக்கம் ஒன்றாக ஒட்டி, உள்ளும் புறமும் கண்ணாடியிழைத் துணி போர்த்துவதே அது. ‘கனூ’ என்னும் திறந்த தோணியையும், ‘கயாக்’ என்னும் மூடிய சிறு படகையும் அங்கே ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு கட்டிக்கொள்கிறார்கள். வெள்ளத்தில் ஆட்களை ஏற்றி இறக்குவதற்குத் திறந்த தோணியே தகும். ஆகையால் அதைப் பற்றியே மேலே சொல்லப்படும்.

மரமும் கணக்கும்

தோணியின் நீளம் 15 அடி, நடு அகலம் 34 அங்குலம் என்று கொள்வோர் தவறமாட்டார்கள். துடுப்புப் போடும் இருவரோடு மற்றொருவர் உட்கார்ந்து செல்ல இது போதும்.

கீற்றின் தடிப்பு கால் அங்குலம். அகலம் முக்கால் அங்குலம். தோணியின் நடுவில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை அடிப்புறமாக நூல் பிடித்தால் ஏறக்குறைய 54 அங்குலம் வரும். 54 அங்குலத்தை முக்கால் அங்குலக் கீற்றால் நிரப்ப 72 கீற்றுகள் வேண்டும். முக்கால் அங்குலத் தடிப்பும் 6 அங்குல அகலமும் உள்ள பலகையை, வாள் தின்னும் அரைக்கால் அங்குலத்தையும் சேர்த்து அறுத்தால், ஒரு பலகைக்கு 16 கீற்றுகள் கிடைக்கும். ஆகவே 16 அடி நீளமுள்ள 5 பலகைகளில் 80 கீற்றுகள் தேறும். எட்டுக் கீற்றுகள் சேதாரத்துக்கு மிஞ்சும். இந்த 5 பலகைகளின் அளவு இரண்டரைக் கன அடி மாத்திரமே. மெல்லிய வாளால் அறுப்பவருக்கு இன்னும் மிச்சமுண்டு.

பதினாறடிப் பலகை அகப்படாவிட்டால் கவலை வேண்டாம். எட்டடிக் கீற்றுகள் இரண்டின் முனைகளைச் சரிவாகச் சீவி ஒட்டிக்கொள்ளலாம். தடிப்பைப் போல் எட்டு மடங்கு சரிவு இருத்தல் வேண்டும். அதாவது கால் அங்குலக் கீற்றுக்கு 2 அங்குலச் சரிவு. ஒட்டுகள் யாவும் ஒரே இடத்தில் நேராக வாராமல், செங்கல் வரிசை போல் மாறி மாறி அமைய வேண்டும்.

மரம் இலேசாயும், நேரான நாரோட்டமுள்ளதாயும், கணுவற்றதாயும், நன்றாய் உலர்ந்ததாயும் இருக்க வேண்டும். மலைவேம்பும் குமிழும் இக்குணங்கள் உடையவை. மலைவேம்பைத் தமிழ்நாட்டு விவசாயிகள் பலர் தோட்டப் பயிராகவே வளர்க்கிறார்கள். தேக்கு நல்ல மரமாயினும் கனமானது. அதன் எண்ணெய்ப் பசை பிசினைப் பிடிக்கவொட்டாது. விளிம்புச் சட்டத்துக்கும் துடுப்புக்கும் வேண்டுமானால் தேக்கைச் சிறிது உபயோகிக்கலாம். ஈர மரத்தை எக்காரணத்தாலும் எடுக்கலாகாது. பின்னால் அது சுருங்கும்போது ஒட்டுகள் வாய்விடும்.

அச்சு நிறுத்துதல்

முதலில் 14 அடி நீளமுள்ள ஏணி போன்ற சட்டம் ஒன்று செய்து, ரசமட்டம் பார்த்து, ஆடாதவாறு நிறுத்த வேண்டும். அதன் நடுவே நீளவாக்கில் ஒரு நூல் கட்டப்படும். தோணியின் குறுக்கு வடிவத்தை அரை அங்குல ஒட்டுப் பலகையில் வரைந்து அறுத்து, அச்சுப் பலகைகளாக ஓர் அடிக்கு ஒன்று வீதம் 13 பலகைகள் நிறுத்துக. அணியத்துக்கும் அமரத்துக்கும் வளைந்த முகப் பலகைகள் இரண்டு. ஆக 15.

தோணி கவிழ்ந்த நிலையிலேயே கட்டப்படுகிறது. ஆகையால் அச்சுப் பலகைகளின் அடிவயிறு மேல்நோக்கி இருக்கும். ஒவ்வொன்றின் நடுக்கோடும் நூலின்மேல் நிற்கிறதா என்று தூக்குக் குண்டால் சோதிக்க வேண்டும். பின்பு ஒரு நீண்ட கீற்றை அச்சுகளின்மேல் வளைத்துப் பார்த்தால், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது கண்ணுக்குத் தெரியும். மேட்டைச் சீவியும் பள்ளத்தில் சில்லு ஒட்டியும் சரிசெய்க. இங்கே ஒரு நாள் கூடுதலாகச் செலவிட்டால் பின்னால் பத்து நாள் மிச்சமாகும். கடைசியாக, அச்சுகளின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாடா ஒட்டிவிட வேண்டும். இல்லாவிடில் தோணி அச்சோடு ஒட்டிக்கொண்டு வெளிவராது.

அணியத்திலும் அமரத்திலும் நிற்கும் முகச் சட்டத்தை ஒரே கட்டையில் செதுக்காமல், மெல்லிய கீற்றுகளை வெந்நீரில் ஊறவைத்து முகப் பலகையில் வளைத்துக் கட்டி, உலர்ந்தபின் ஒன்றோடொன்று ஒட்டிச் செய்வது உறுதி.

கீற்றுப் பதித்தல்

முதற் கீற்று விளிம்பிலிருந்து தொடங்கும். இடப்புறம் ஒன்று பதித்தால் வலப்புறம் ஒன்று பதிக்க வேண்டும். ஒரே பக்கமாய் ஏற்றிக்கொண்டே போனால் அச்சு இழுபட்டுத் தோணி கோணும். கீற்றின் ஓரத்தில் நீர் தாங்கும் மரப்பசையை மெல்லிய கோடாக இட்டு, முந்தைய கீற்றோடு அழுத்துக. பசை இறுகும்வரை பிடித்துக்கொள்வதற்குப் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிக் கட்டலாம். பி.வி.சி. குழாயை வளையங்களாக அறுத்து ஒரு பக்கம் பிளந்தால் விலையற்ற கிளாம்புகள் கிடைக்கும். சிறு ஆணியால் அச்சோடு தற்காலிகமாகப் பிடித்து, பின்பு பிடுங்கிவிடுவதும் உண்டு.

இயந்திர வசதியுள்ளோர் கீற்றின் ஒரு விளிம்பைக் குவிவாகவும் மறு விளிம்பைக் குழிவாகவும் இழைத்துக்கொண்டால் கீற்றுகள் தாமாகவே பொருந்தும். அவ்வசதியில்லாதோர், வளைவுகளில் ஒவ்வொரு கீற்றின் ஓரத்தையும் சிறு இழைப்புளியால் சற்றுச் சாய்த்துச் சீவிப் பொருத்த வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அடிப்புறத்தின் நடுவில் கீற்றுகள் கூர்மையாய் வந்து கூடும். கடைசிக் கீற்று கண்ணளவில் பொருந்தும்வரை சீவப்பட வேண்டும். ஒரு மாலைக்கு ஆறு கீற்றுகள் பதித்தாலும் இரண்டு வாரங்களுக்குள் தோணி உருவாகிவிடும்.

பின்பு ஆணிகளைப் பிடுங்கி, வழிந்து இறுகிய பசையைச் சுரண்டி, இழைப்புளியாலும், முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு நயமான உப்புத்தாள் என்ற வரிசையாலும் வழவழப்பாக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பிய மேடும் கைக்குப் புலப்படும். இராக்காலத்தில் விளக்கைத் தாழ்வாகப் பிடித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை.

துணியும் பிசினும்

இவ்வேலையில் பெரும்பாலோர் தவறுவது இவ்விடத்தில்தான். கால் அங்குலக் கீற்றுகள் பசையினால் மாத்திரம் நெடுநாள் நில்லா. உள்ளும் புறமும் கண்ணாடியிழைத் துணி இறுகப் பிடித்த பிறகே தோணிக்கு வலிமை வருகிறது. நடுவே மரமும் இருபுறமும் துணியுமாக மூன்றும் ஒரே பலகை போல் வேலை செய்கின்றன.

துணி ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெசவுத் துணியாக இருக்கட்டும். பிசின் எப்பாக்ஸி வகையாக இருக்க வேண்டும். பைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் பாலியெஸ்டர் பிசின் மலிவானது. ஆனால் மரத்தை அவ்வளவு உறுதியாகப் பற்றாது. இங்கே மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். பாலியெஸ்டரில் வேலை செய்து பழகியவர்கள், சீக்கிரம் இறுக வேண்டுமானால் இறுக்கும் மருந்தைச் சற்றுக் கூட்டுவார்கள். எப்பாக்ஸியில் அப்படிச் செய்தால் பிசின் கெடும். ஒருபோதும் சரியாய் இறுகாது. தயாரிப்பாளர் குறித்த விகிதத்தைத் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். சித்திரை வெயிலில் பெரிய குவளையில் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகையும். ஆகையால் சிறிது சிறிதாகக் கலந்து அகன்ற தட்டில் ஊற்றிக்கொள்ளுக.

பூசும் நேரமும் முக்கியம். காலையில் வெயில் ஏற ஏற, மரத்தினுள் உள்ள காற்று விரிந்து பிசினில் கொப்புளங்களை உண்டாக்கும். மாலையில் வெப்பம் தணியும்போது பூசினால் மரம் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். மழைக்கால ஈரக் காற்றில் பிசினின்மேல் மெழுகு போன்ற படலம் படியும். ஆகையால் மாசியும் பங்குனியுமே இவ்வேலைக்கு ஏற்றவை.

துணியைச் சுருக்கமின்றி விரித்து, பிசினை நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தள்ளி, துணி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தது போலாகும்வரை நனைக்க வேண்டும். மிஞ்சிய பிசினை வழித்தெடுத்துவிடுக. அது வலிமை தராது, பாரமே தரும். முதற் பூச்சு முற்றும் இறுகுமுன் இரண்டாவதும், பின்பு மூன்றாவதும் பூசினால் நெசவின் குழிகள் நிரம்பும். பிறகு தோணியை அச்சிலிருந்து தூக்கி நிமிர்த்தி, உட்புறத்திலும் சுரண்டி, தேய்த்து, அவ்விதமே துணி போர்த்துக.

கையுறையின்றிப் பிசினைத் தொடலாகாது. தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை ஏற்பட்டால் ஆயுள் முழுவதும் விடாது. உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் முகமூடியால் காத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளை அருகே விடக்கூடாது.

விளிம்பும் வெள்ளோட்டமும்

விளிம்பின் உள்ளும் புறமும் உறுதியான சட்டம் வைத்துத் திருகுக. திருகாணிகள் துருப்பிடியாத எஃகாக இருக்கட்டும். இரும்பு உப்பங்கழி நீரில் ஒரு வருஷம் தாங்காது. நடுவில் ஒரு குறுக்குச் சட்டமும் இரு இருக்கைகளும் அமைக்க. அணியத்திலும் அமரத்திலும் காற்றறைகள் அடைத்து உள்ளே நுரைக்கட்டி நிரப்புதல் இன்றியமையாதது. கவிழ்ந்தாலும் தோணி முழுகாமல் மிதந்து, பிடித்துக்கொள்ள இடம் கொடுப்பது இவ்வறைகளாலேயே. கடைசியாகப் பெயிண்டோ, வெயில் தாங்கும் வார்னிஷோ பூசுக. எப்பாக்ஸி எவ்வளவு உறுதியானதாயினும் வெயிலுக்கு ஆற்றாது.

முடிந்த தோணி ஏறக்குறைய 35 கிலோ எடையிருக்கும். பழக்கமில்லாத கைகளுக்கு 200 மணி நேர வேலை என்று கொள்ளலாம். தினம் 2 மணி வீதம் 100 நாள். மார்கழியில் மரம் அறுக்கத் தொடங்குவோர் பங்குனிக்குள் தோணியை நீரில் விடலாம்.

வெள்ளோட்டம் இடுப்பளவு நீருள்ள ஏரியில் நடக்கட்டும். முதலில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்க்க வேண்டும். நீர் நிரம்பிய நிலையில் மூவர் பற்றிக்கொண்டாலும் மிதக்கிறதா? அவ்வாறு மிதந்தாலன்றி ஒருவரையும் ஏற்றலாகாது. மிதவைச் சட்டையின்றி எவரும் ஏறக்கூடாது. தோணியில் எவரும் எழுந்து நிற்கக்கூடாது.

இத்தோணிக்கு எல்லை உண்டு என்பதையும் ஒளியாமல் சொல்ல வேண்டும். இது தெருவிலும் வயலிலும் தேங்கிய வெள்ளத்துக்கும், ஏரிக்கும், அமைதியான கழிக்கும் உரியது. அலை மோதும் கடலுக்கும், முகத்துவாரத்துக்கும், கரை உடைத்துப் பாயும் ஆற்றுக்கும் உரியதன்று. மேலும், தோணி இருப்பதனால் மீன்பிடிக்கும் உரிமை வந்துவிடாது. பழவேற்காட்டு ஏரியில் எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை போடுவது என்பதை மீனவர்கள் பாடு என்னும் முறையால் தமக்குள் வகுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். புதிதாகத் தோணி கட்டியவர் அதில் குறுக்கிடுவது அநியாயம். 2023 டிசம்பரில் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, படகுகளும் வலைகளும் பாழாகி, அம்மீனவர்கள் பட்ட பாட்டை இவ்வட்டாரம் அறியும். அவர்களுடைய பிழைப்பு காக்கப்பட வேண்டியது.

சங்கம் செய்யத் தக்கது

ஒரு குடும்பம் தனித்து இவ்வேலையை மேற்கொண்டால், செலவில் ஒரு கணிசமான பங்கு அச்சுக்கும், கருவிகளுக்கும், சில்லறை விலையில் வாங்கும் பிசினுக்கும் போய்விடும். அச்சோ ஒரு தோணியோடு தேய்ந்துவிடுவதன்று. ஒரே அச்சில் பத்துத் தோணிகளும் கட்டலாம். கிளாம்புகளும் அவ்வாறே. ஆகையால் இது சங்கமாகச் சேர்ந்து செய்யத் தக்க வேலை.

கூட்டுறவுக்கும் இவ்வட்டாரத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. சர் பிரெடரிக் நிகல்ஸன் ஜெர்மனி முதலிய தேசங்களின் கிராம பாங்குகளை ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். 1904இல் சட்டம் பிறந்த அவ்வருஷமே, இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் ஐக்கிய நாணயச் சங்கம் பதிவாயிற்று. அதுவே இந்தியாவின் முதற் சங்கமாகப் போற்றப்படுகிறது. அதே நிகல்ஸன்தான் 1907இல் சென்னை மாகாண மீன்துறைப் பணிக்கும் அடிகோலினார். கடனும் படகும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேண்டியதில்லை.

கிராமச் சங்கமோ, மகளிர் சுய உதவிக் குழுவோ, இளைஞர் மன்றமோ பின்வருமாறு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

1. அச்சும் கருவிகளும் பொதுச் சொத்து. பதிவேட்டில் ஏற்றப்பட்டு ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

2. மரமும் துணியும் பிசினும் பல தோணிகளுக்கு ஒரே தடவையாக வாங்கப்பட வேண்டும். பிசினுக்குக் காலாவதித் தேதி உண்டாகையால், கட்டத் தயாராகுமுன் வாங்கி வைக்கலாகாது.

3. முதல் தோணி ஊருக்கு, அடுத்தவை வேண்டுவோருக்கு. முதல் தோணியைக் கட்டும்போதே பத்துப் பேர் கை பழகிவிடுவர்.

4. ஊர்த் தோணி நிழலில், கவிழ்த்து, தரையில் படாமல் வைக்கப்பட வேண்டும். துடுப்புகளும் மிதவைச் சட்டைகளும் கயிறும் அதனோடேயே இருத்தல் வேண்டும்.

5. ஆடியில் ஒரு முறையும் புரட்டாசியில் ஒரு முறையும் தோணியை நீரில் இறக்கிப் பழக வேண்டும். பெண்களும் பழகுதல் நலம். வெள்ளம் பகலில் வந்தால் ஆடவர் பலர் ஆலை வேலைக்குப் போயிருப்பர்.

6. பூட்டு இருந்தால், சாவி எவரிடம் என்பதை ஊரார் யாவரும் அறிந்திருக்க வேண்டும்.

எல்லாருக்கும் சொந்தம் என்று சொல்லி எவரும் கவனியாமல் விட்டால் இரண்டு கோடையில் தோணி பாழாகும். வெள்ளம் வரும் இரவில் அதன் அடியில் ஓட்டை இருப்பது தெரியவரும். தோணி கட்டுவதைக் காட்டிலும் அதைக் காப்பாற்றுவதுதான் சங்கத்துக்குச் சோதனை.

கால் அங்குலக் கீற்று ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து அழுத்தினால் சிறு பிள்ளையும் ஒடித்துவிடும். அத்தகைய 72 கீற்றுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் மூன்று பேரைச் சுமந்து நீரைக் கடக்கின்றன. இவ்வட்டாரத்தில் மரமுண்டு, தச்சருண்டு, பைபர் வேலை அறிந்த மீனவருண்டு, ஆலைகளில் அளவும் மட்டமும் பழகிய இளைஞருண்டு. இந்நால்வரும் ஓரிடத்தில் கூட வேண்டியதே பாக்கி. அடுத்த மார்கழியில் மரம் அறுக்கத் தொடங்கினால், அதற்கடுத்த ஐப்பசி வெள்ளத்துக்குமுன் ஊருக்கு ஒரு தோணி நிழலில் காத்திருக்கும். கிராமவாசிகள் இம்முயற்சியை மேற்கொள்வார்களாக.